கிழக்கு வாசல் மேசை

சியான் நகரம்
1926, மூன்றாம் மாதம், 12

அன்புள்ள தம்பி ருன்ஷெங்குக்கு,

அக்கா சூச்சின் எழுதுவது. இங்கே அம்மா, உன் அத்தான், நான் மூன்று பேரும் சுகம். உன் சுகத்தையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுகத்தையும் இரண்டு வரி எழுது.

வெளியூர்ப் படை வந்து நகரத்தை வளைத்துக்கொண்டதில் வாசல்களைச் சாத்தி எட்டு நாள் ஆகிறது. அம்மா கண்ணைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று பத்து நாளைக்கு வந்தாள், அதற்குள் இப்படி. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம், வலதில் அதுவும் இல்லை. ஆனால் அவள் கவலையெல்லாம் உன்னைப் பற்றித்தான். "அவனுக்கு மாவு பிசையவே வராது. பட்டினி கிடப்பான்" என்று காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறாள்.

அத்தான் வழக்கம்போல மருந்துக்கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் தமாஷ் பண்ணுகிறார். "போன தடவை பதினெட்டு நாள் சுத்தி நின்னாங்க. அவங்களுக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்கில்ல? அலுத்துப் போய் வீட்டுக்குப் போயிருவாங்க" என்கிறார். மதில் மேல் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் போகலாம். அதைப் பார்க்கும்போது எனக்கும் தைரியமாகத்தான் இருக்கிறது.

தபால்காரர் கோவ் வெள்ளைக் கொடி பிடித்துக்கொண்டு பத்து நாளைக்கு ஒருமுறை கிழக்கு வாசல் வழியாகப் போய்வர இரண்டு படையும் சம்மதித்திருக்கின்றன. அவர் கையில் பதில் கொடு.

உன் அக்கா,
சூச்சின்


யாங்வான் கிராமம்
மூன்றாம் மாதம், 25

என் அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் சுகம் என்று படித்து மனசு ஆறியது. நானும் சுகம். அம்மாவிடம் சொல், மாவு பிசையப் பழகிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் இப்போது சிப்பாய்கள் தங்கியிருக்கிறார்கள். பெஞ்சுகளை அடுப்புக்கு உடைத்துவிட்டார்கள். எனக்குப் பா ஆற்றுப் பாலத்துப் பக்கம் வேறு எழுத்து வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வேளைச் சாப்பாடு உண்டு. கடிதங்களைக் கோவ் என்னிடம் நேராகவே கொடுத்துவிடுகிறார், முகவரியெல்லாம் எழுத வேண்டாம்.

நம் கோதுமை இந்த வருஷம் இடுப்புயரம் நிற்கிறது. கதிர் பால் பிடித்துவிட்டது. அறுப்புக்குள் சண்டை முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி,
ருன்ஷெங்


சியான்
நான்காம் மாதம், 27

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ பத்திரமா?

நேற்று வீட்டுக்கு ஒருவர் மதிலுக்குச் செங்கல் சுமக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள், நான் போனேன். கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்தால் கிழக்கே தரை முழுக்கத் தீ. முதலில் ஏதோ கிராமம் எரிகிறது என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற சிப்பாய் சொன்னான்: "ஊரு இல்லக்கா, கோதுமை. விளைஞ்ச கோதுமையைக் கொளுத்துறானுங்க. நாம திங்கக் கூடாதாம்."

காற்று நகரத்துப் பக்கம் அடித்தது. ரொட்டி சுடுகிற வாசம் தம்பி. தெருவில் ஜனங்கள் அப்படியே வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலில் நின்று முகத்தைத் தூக்கி மோந்துகொண்டிருக்கிறாள். "யாரு வீட்டுலடி இவ்வளவு ரொட்டி சுடுறாங்க?" என்று கேட்டாள்.

நம் நிலம் தப்பித்ததா? யார் வந்து கொளுத்தினார்கள்? எந்த வயல் யாருடையது என்று வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரிந்தது? எழுது.

அக்கா


பா ஆற்றுப் பாலம்
ஐந்தாம் மாதம், 29

அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல். பதில் எழுத ஒரு மாதமாகிவிட்டது, வேலை அதிகம்.

நம் நிலமும் போய்விட்டது. யார் என்று கேட்டிருந்தாய். படைக்காரர்கள்தான்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

ருன்ஷெங்


சியான்
ஏழாம் மாதம், 19

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கடிதங்களிலிருந்து எனக்குத் தெரியவில்லை. நாலு வரிக்கு மேல் எழுத மாட்டேன் என்கிறாய்.

கடையில் இப்போது நோய்க்கு மருந்து வாங்குபவர் ஒருவரும் இல்லை. காட்டுக்கிழங்கு, தாமரை விதை, பேரீச்சை, எதைத் தின்னலாமோ அதைக் கேட்டு வருகிறார்கள். போன வாரம் கழுதைத்தோல் பசைக் கட்டியை ஒருவர் வாங்கி வாசலிலேயே கடித்தார். அத்தான், "ஐயா, அது ரத்தம் ஊறுறதுக்கு. காய்ச்சிக் குடிக்கணும்" என்றார். "ரத்தம் ஊறட்டும், அப்புறம் காய்ச்சுறேன்" என்று அவர் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுநாள் அவரை எங்கள் தெரு முனையில் பிணவண்டியில் ஏற்றினார்கள். அத்தான் அதற்குப் பிறகு தமாஷ் பேசவில்லை. எண்ணெய்ச் செக்குப் புண்ணாக்கு நேற்றோடு தீர்ந்தது. பக்கத்து வீட்டு மரத்துக்கு ஆள் உயரத்துக்குப் பட்டை இல்லை.

வருகிற 22ஆம் தேதி கிழக்கு வாசலைத் திறந்து, போக விரும்பும் ஜனங்களை விடுகிறார்களாம். வெளியே இருக்கும் படையும் சம்மதித்துவிட்டதாகத் தமுக்கு அடித்தார்கள். அத்தான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வருகிறார். நான் வரவில்லை. இதற்கு முன்னால் போன பெண்களைச் சோதனை என்ற பெயரில் எங்கே கூட்டிப்போனார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அத்தான் ஒரே பிடிவாதமாக, "நீ உள்ளயே இரு. நான் அத்தையை விட்டுட்டு ஒரு மூட்டை மாவோட திரும்பி வர்றேன்" என்கிறார்.

வழிக்குக் கிழங்கு மாவு ஒரு சிறு பை கட்டியிருக்கிறேன். நீ பாலத்துக்கிட்டே நின்று பார்த்துக்கொண்டிரு. வந்து சேர்ந்ததும் அன்றைக்கே எழுது. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

அக்கா


சியான்
எட்டாம் மாதம், 1

ருன்ஷெங்,

சுகம் விசாரிக்கப் பொறுமையில்லை. அவர்கள் வந்தார்களா?

போய் ஒன்பது நாளாகிறது. கோவ் நேற்று வெறுங்கையோடு வந்தார். "என் தம்பியைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "பார்த்தேன். நல்லாத்தான் இருக்கார்" என்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கூட யாராவது இருந்தாங்களா?" என்றேன். "எனக்கு நேரமாச்சும்மா" என்று போய்விட்டார்.

ஆறாம் மாதத்திலிருந்து மதில் மேல் எங்களை ஏற விடுவதில்லை. அதனால் வெளியே என்ன நடந்தது என்று ஒன்றும் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை வாங்கின இடத்திலேயே நின்று பதில் எழுதிக் கொடு.

சூச்சின்


பா ஆற்றுப் பாலம்
எட்டாம் மாதம், 2

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. நான் நலம். உன் நலம் பெரிது.

அவர்கள் இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை. அன்றைக்குக் கூட்டம் மிக அதிகம். மலைப்பக்கம் சித்தப்பா ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அத்தான் கெட்டிக்காரர், சமாளித்துக்கொள்வார். நான் விசாரித்துக்கொண்டே இருக்கிறேன். நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

என்றும் அன்புள்ள,
ருன்ஷெங்


சியான்
எட்டாம் மாதம், 11

தம்பி ருன்ஷெங்குக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம்.

ஆமாம், அம்மா இங்கேதான் இருக்கிறாள். உன் கடிதத்தைக் கொண்டுவந்த அன்று கோவ் அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். "சொல்லாம இருக்க முடியலம்மா. மதிலுக்கும் வெளியில இருக்கிற படை வெட்டுன பள்ளத்துக்கும் நடுவுல திருப்பி அனுப்புன ஜனம் கிடக்கு. உள்ளயும் விடல, வெளியயும் விடல. அதுல கண்ணு தெரியாத பெரியம்மா ஒண்ணு, மருந்துக்கடை சூச்சின், மருந்துக்கடை சூச்சின்னு சொல்லிக்கிட்டே இருக்கு" என்றார். மறுநாள் மதில் காவலர்களிடம் என் கல்யாணக் காப்பு இரண்டையும் கொடுத்தேன். செங்கல் கூடையில் உட்கார வைத்துக் கயிற்றில் தூக்கினார்கள். கூடை காலியாக வருவதுபோல் அவ்வளவு லேசாக வந்தது.

அம்மா எல்லாம் சொன்னாள். நீ வெளியே இருக்கும் படையில் எழுத்துக்காரனாக இருக்கிறாயாமே. கட்டாயப்படுத்தித்தான் சேர்த்திருப்பார்கள் என்கிறாள். வாசலுக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்தாயாம். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாயாம். "வெளியே இதைவிட மோசம்மா, அக்காகிட்டயே திரும்பிப் போயிரு" என்று காதோடு சொன்னாயாம். அத்தானை அடிபடாமல் வேலையில் சேர்த்துவிட்டாயாம். பெற்ற பிள்ளை செய்ய வேண்டியதைச் செய்தான் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்கிறாள்.

அவர்கள் வரவில்லை என்று நீ எழுதியது யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயத்தில் என்று எடுத்துக்கொள்கிறேன். அத்தானைப் பார்த்தால் அம்மா பத்திரம் என்று சொல்.

அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள்.

சூச்சின்


சியான்
ஒன்பதாம் மாதம், 20

ருன்ஷெங்குக்கு,

இங்கே நான் இருக்கிறேன்.

கோவ் நாலு முறை வந்து போனார், உன்னிடமிருந்து எதுவும் இல்லை. அம்மா ஒன்பதாம் தேதி காலையில் போய்விட்டாள். காய்ச்சலா பசியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெளியே கொண்டுபோக வழியில்லாததால் வடகிழக்கு மூலையில் தோண்டியிருக்கும் பெரிய குழியில் வைத்தார்கள். எந்த வரிசை என்று எண்ணிப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கு நீதான் சொல்ல வேண்டும்.

சூச்சின்


யாங்வான்
பத்தாம் மாதம், 28

அக்கா,

முற்றுகை உடைந்து நாலு நாளாகிறது. படை சிதறி ஓடியபோது நானும் ஓடி வீட்டுக்கு வந்தேன். உன் சுகம் கேட்க எனக்குத் தகுதி இல்லை. இதைப் படித்து முடித்த பிறகு எரித்துவிட்டாலும் சரி.

மூன்றாம் மாதம் அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, "எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் யாரு?" என்று கேட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். அப்படித்தான் சேர்ந்தேன். கோவின் பையைத் திறந்து கடிதங்களைப் படிக்கும் வேலையும் எனக்குத்தான் கொடுத்தார்கள். அதனால்தான் உன் கடிதங்கள் தவறாமல் வந்தன.

வயல் யாருடையது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டாய். கொளுத்த வேண்டிய வயல்களின் பட்டியலை எழுதியவன் நான். நம் நிலத்தை முதலில் எழுதினேன். அது ஒரு நியாயம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

22ஆம் தேதி. மேசைக்கு முன்னால் ஜனம் வரிசையில் வந்தது. பக்கத்தில் கேப்டன் உட்கார்ந்து தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்த எழுத்துக்காரனுக்கு நகரத்துக்குள் மாமனார் இருப்பது தெரிந்து, நாலடி தள்ளி நிறுத்திச் சுட்டார்கள். அவன் கரைத்து வைத்த மை காய்வதற்குள் என்னை உட்கார வைத்தார்கள். அக்கா, இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தலையைத் தூக்காமல், "பேரு? ஊரு?" என்று கேட்டேன்.

"ருன்ஷெங்! டேய், உன் குரல்தானேடா அது?"

அம்மா அத்தான் முதுகில் இருந்தாள். கையை நீட்டி என் சட்டையைத் தடவி, தோளைத் தடவி, முகத்துக்கு வந்துவிட்டாள். கேப்டன் கொறிப்பதை நிறுத்தினார். "என்ன எழுத்தரே, உம்ம ஆளா?"

"எனக்கு இவங்க யாருன்னே தெரியாதுங்க" என்றேன்.

அம்மாவின் கை என் கன்னத்தில்தான் இருந்தது. அத்தான் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு கேப்டனிடம், "மன்னிக்கணும் ஐயா. கிழவிக்குக் கண்ணு போனதோட புத்தியும் போச்சு. ஆம்பிளைக் குரல் கேட்டா எல்லாரையும் மகன்னு சொல்லும்" என்றார். அம்மா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். "ஆமாங்கய்யா. என் மகன் குரல் இவ்வளவு கட்டையா இருக்காது. தம்பி கோவிச்சுக்காதீங்க" என்றாள். என்னைத் தம்பி என்றாள், மரியாதை கொடுத்துப் பேசினாள்.

ஆண், வயது நாற்பது, பள்ளம் தோண்ட. கிழவி, பயனில்லை, திருப்பி அனுப்புக. என் கையால் எழுதினேன். எழுத்து கோணவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. எழுந்திருக்கவே இல்லை.

பத்து நாள் மேசையிலிருந்து அந்த வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் நீலச் சட்டை தெரியும். அது அசைகிறதா என்று பார்ப்பேன், பார்த்துவிட்டு அடுத்தவன் பேரைக் கேட்பேன்.

அத்தான் ஒரே ஒரு முறை என்னிடம் பேசினார். தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில், என்னைப் பார்க்காமலே, "கிழங்கு மாவுப் பையை அத்தைகிட்ட குடுத்துட்டேன். பத்து பன்னெண்டு நாள் தாங்கும். நீ பயப்படாதே" என்றார். என்னைப் பயப்படாதே என்றார் அக்கா. எட்டாம் மாதம் 25இல் அடைமழையில் பள்ளத்தின் கரை சரிந்து ஏழு பேர் மேல் விழுந்தது. அத்தானும் அதில் ஒருவர். நானும் கையால் தோண்டினேன். பாலத்துக்குத் தெற்கே மூன்று நெட்டை மரங்கள் நிற்கும் மேட்டில் தனியாகப் புதைத்தேன்.

உன் எட்டாம் மாதக் கடிதம் அதற்கு முன்பே வந்துவிட்டது. அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. அம்மா உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு என்ன பதில் எழுதுவது? ஒவ்வொரு முறையும் தூரிகையை நனைத்து நனைத்துக் காயவிட்டேன்.

இப்போது நீயும் தெரிந்துகொண்டாய்.

ருன்ஷெங்


சியான்
பதினோராம் மாதம், 5

ருன்ஷெங்குக்கு,

உன் கடிதம் வந்தது. கோவ் கொண்டுவந்தார், இப்போது கொடி பிடிக்காமல் வருகிறார். நான் உயிரோடு இருக்கிறேன்.

அம்மா என்னிடம் பொய் சொல்லவில்லை.

கூடையிலிருந்து தூக்கி எடுத்து, உதட்டில் கஞ்சித் தண்ணீரைத் தொட்டு வைத்த அந்த நிமிஷமே சொல்லிவிட்டாள். "என்னைத் தெரியாதுன்னுட்டான்டி" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உன்னைத் தூக்கி வளர்த்த இடுப்பு இது. நம்பவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டேன். அவளும் அலுக்காமல் அதே மாதிரி சொன்னாள், கேப்டன் விதை கொறித்த சத்தம் உட்பட.

ஏழு நாள் கழித்து, "காகிதம் எடு. நான் சொல்றதை அவனுக்கு எழுது" என்றாள். எழுந்து வந்தான், தண்ணீர் கொடுத்தான், காதோடு பேசினான், எல்லாம் அவள் சொன்னதுதான்.

"அம்மா, பொய்யா எழுதச் சொல்றே?"

"எழுதுடி. அவன் இப்ப அங்க உக்காந்து என்ன பண்ணிக்கிட்டிருப்பான்னு எனக்குத் தெரியும். ஆத்துல விழுந்துருவான். அம்மா கோவிச்சுக்கலன்னு எழுதுனா நம்ப மாட்டான். தண்ணி குடுத்தான்னு எழுது. ஊருக்கே அப்படித்தான் சொல்லிட்டேன்."

நான் தூரிகையைத் தூக்கி எறிந்தேன். தரையில் தடவித் தடவி அதை எடுத்து என் கையில் வைத்து, மடக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுதினேன்.

நீ எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாய், நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அம்மா உன்னைப் பிழைக்க வைக்கத்தான் அதைச் சொன்னாள். நான் அதை எழுதும்போது ஒவ்வொரு எழுத்தும் உன்னைக் குத்த வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதினேன். எழுத்தை அழகாகக்கூட எழுதினேன். குத்தியிருக்கிறது என்று தெரிகிறது. எனக்கு அதில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை.

ஆனால் அத்தான் விஷயம் எனக்குத் தெரியாது. அவர் பள்ளத்தில் வேலை செய்கிறார், முற்றுகை முடிந்தால் வருவார் என்றிருந்தேன். வாசல் திறந்த அன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றேன். மறுநாளும் நின்றேன். முகம் ஒட்டிப்போன ஆண்கள் நிறையப் பேர் உள்ளே வந்தார்கள். ஒவ்வொருவரையும் கிட்டே போய்ப் பார்த்தேன். எட்டாம் மாதமே எழுதியிருக்கலாம் நீ. அவர் போன பிறகும் இரண்டு மாதம் என்னை அவர் பெண்டாட்டி என்றே நினைக்க வைத்துவிட்டாய்.

அவர் அந்த மேட்டில் கிடக்கக் கூடாது. அம்மாவை வைத்த குழிக்கு மண் போட்டு மூடிவிட்டார்கள், அவளை இனி எடுக்க முடியாது. அவரையாவது எடுத்துவந்து பக்கத்தில் வைக்கிறேன். பன்னிரண்டாம் தேதி காலை கைவண்டியும் இரண்டு மண்வெட்டியும் கொண்டு மூன்று மரங்களுக்கு வருகிறேன். இரண்டரை மாத மண், இறுகியிருக்கும், ஒருவர் தோண்ட முடியாது. நீ வர வேண்டும்.

வண்டியைக் கிழக்கு வாசல்வரை நீயும் தள்ளிவரலாம். வாசலுக்கு அப்புறம் உன்னை உள்ளே கூப்பிடுவேனா, அங்கேயே நிறுத்திவிட்டு நான் மட்டும் போவேனா என்று எனக்கே தெரியவில்லை. கூப்பிடுவேன் என்று நம்பி வராதே.

குளிர் அதிகம். சாப்பிட்டுவிட்டு வா.

சூச்சின்